சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுகிறோம்

அதற்கு முன்பெல்லாம் எனக்குப் பயம் என்றால் பாம்பு, பள்ளிக்கூட இன்ஸ்பெக்‌ஷன், மாமியாரின் ரத்தக்கொதிப்பு, இவ்வளவுதான். போலீஸ் ஜீப் வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவேன். அது எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. எண்பதுகளின் கடைசியில், நம் ராணுவம் கடல் தாண்டி இலங்கையில் இருந்த காலத்தில், அது வந்து நின்றது. இன்றைக்கும் தெருவில் ஏதாவது ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தால் என் வயிற்றுக்குத்தான் முதலில் கேட்கிறது, காதுக்கு அப்புறம்தான்.

நாங்கள் சித்தூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள். மிஷன்காரர்கள் காலத்திலிருந்து இங்கேயே இருப்பவர்கள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மட்டும் யாரும் எங்கும் பேசாத ஒரு தமிழ். நான் முனிசிபல் பள்ளியில் தெலுங்கு மீடியம் ஐந்தாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் பஜார் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடை என்று பேர், இருந்தது ஒரு மேஜையும் ஒரு ஸ்டூலும்தான். மனுஷர் பேச்சில் கஞ்சன். செத்துப்போன ரேடியோ ஒன்று திடீரென்று பேச ஆரம்பித்தால் மட்டும் முகம் மலரும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அம்மா எங்களோடு இருந்தார். அவர் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

என் தம்பி ராணுவத்தில் இருந்தான். வடமாலபேட்டையில் இருக்கிற எங்கள் அம்மா வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள். அவனுடைய படைப்பிரிவும் இலங்கைக்குப் போயிற்று. அமைதிக்காகப் போகிறார்கள், பயங்கரவாதத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. நம்பினேன். நம்பாமலிருக்க எனக்கு என்ன காரணம்? அங்கே அடிபடுகிறவர்கள் தமிழர்கள், காப்பாற்றப் போகிறவன் என் தம்பி. வகுப்பில் பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்துக் கைதட்டச் சொன்னேன். இரண்டு மூன்று மாதத்துக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. நம் ராணுவமும் அங்கிருந்த இயக்கத்துப் பையன்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். காய்கறி விற்கிற அம்மா, இருபது வருஷமாக எனக்குக் கத்தரிக்காய் பொறுக்கிப் போடுகிறவள், ஒருநாள் தராசைக் கையில் பிடித்தபடியே தெலுங்கில் கேட்டாள்: உங்க தமிழ்க்காரங்க நம்ம சிப்பாய்ங்களைக் கொல்றாங்களாமே டீச்சரம்மா, ஏன்? அந்த நம்ம சிப்பாய்களில் என் தம்பி ஒருத்தன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான் யார் பக்கத்து ஆள் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் வந்து கேட்டார். இலங்கைப் பெண், நம்ம சபைப் பிள்ளைதான், வேலூர்ப் பக்கம் அகதி முகாமில் இருக்கிறாள், குண்டு விழுந்ததில் ஒரு காது போய்விட்டது, வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது, முகாமில் ஒண்டியாக இருக்கப் பயப்படுகிறாள், உங்கள் மாடி அறை சும்மாதானே இருக்கிறது என்றார். முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும் என்பது ஐயருக்குத் தெரியும். வாங்கிக்கொள்ளலாம் என்றார். வாங்கவில்லை. அப்போது அது பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை. சித்தூரிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறுவது எங்களுக்கெல்லாம் அடுத்த தெருவுக்குப் போவது போலத்தான்.

அவள் கணக்கு டீச்சர். வந்த அன்றைக்கே என் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்தித் தருகிறேன் என்றாள். தெலுங்கு தெரியாவிட்டால் என்ன, எண்களுக்கு ஏது பாஷை. அவளுடைய "என்ர", "உங்கட" எல்லாம் கேட்டு மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மாமியாரின் "போய்க்கினு", "துன்னுட்டு" கேட்டு அவள் சிரிப்பாள். கேட்கிற காதை மாமியார் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானத்தில்தான், தன் தம்பி இயக்கத்துக்குப் போய்விட்டான், அவன் முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்று சொல்லியிருக்கிறாள். மாமியார் அன்று இரவு சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் எங்கள் சபையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் சங்கத்தில் சங்கிலி ஜெபம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்க வேண்டும். வாய்விட்டு ஜெபிக்க வேண்டும், விவரமாக ஜெபிக்க வேண்டும். ஆண்டவருக்கு ஊர் நிலவரம் தெரியாது என்பது போல எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வார்கள். யாருக்கு எத்தனையாவது மாதம், யார் பையன் பத்தாவதில் கோட்டை விட்டான், எந்த வீட்டில் புருஷன் குடித்துவிட்டு வந்தான், எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் தெரியவரும். இதையே குழாயடியில் சொன்னால் புறங்கூறுதல், பாவம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபம். எங்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து அப்படித்தான். யாரும் இதில் பிசகு இருப்பதாக நினைத்ததே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமியாரின் முறை வந்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். உருகிப்போனால் மாமியார் ஆண்டவரையே நைனா என்றுதான் கூப்பிடுவார்.

"கடல தாண்டி வந்த பொண்ண எங்க மாடி ரூம்புல வெச்சி காப்பாத்திக்கினு வர்றீரே, ஸ்தோத்திரம் நைனா. அவ தம்பிக்காரன் அங்க காட்ல துப்பாக்கி எடுத்துக்கினு சுத்தறான், அவன் மனச திருப்பும். எங்க மருமவ தம்பியும் அங்கதான் துப்பாக்கி வெச்சிக்கினு கீறான். ரெண்டு பேரும் எதிருக்கு எதிரா நின்னுடாம பாத்துக்கோ நைனா. ரெண்டும் நம்ம புள்ளைங்கதான்."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். சுற்றிலும் எல்லாப் பெண்களும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். "ஆமென்" என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னபோது நான் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மாமியார் மேல் கோபம் வரவில்லை. அதைவிட நல்ல ஜெபத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை. அது வெளியே போய்விட்டதே என்ற பயம்தான்.

அந்த ஜெபத்தை ஐயரம்மா வீட்டில் போய் ஐயரிடம் சொல்ல, ஐயர் மறுநாள் காலையிலேயே ஓடிவந்து அந்தப் பெண்ணைத் திருப்பதிக்கு அழைத்துப்போய்விட்டார். அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த ரிட்டையர்டு நர்ஸம்மா ஒருவர் தனியாக இருந்தார். எந்தத் தெரு, எந்த வீடு என்று என்னிடம் மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். தெரியாதவர்களைத் துன்புறுத்தி என்ன ஆகப்போகிறது என்று அவர் கணக்கு. பாவம், நல்ல மனுஷர். எங்கள் யாருக்கும் இந்தக் கணக்கெல்லாம் பழக்கமில்லை.

அடுத்த வாரம் ஜீப் வந்தது. நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன், அவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். நம்ஸ்காரம் என்றார், செருப்பை வாசலில் விடட்டுமா என்றார். அவர் கூட வந்தவர்கள் மாடி அறையைப் புரட்டிப் போட்டார்கள். அந்தப் பெண் விட்டுப்போன ஒரு சீப்பைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. பிறகு என் வீட்டுக்காரர் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சாமான்கள் மேல் கண் போயிற்று. செப்புக்கம்பிச் சுருள், பற்றவைக்கிற இரும்பு, திறந்து கிடந்த இரண்டு டிரான்சிஸ்டர். என்றைக்கும் நான் குப்பை என்று திட்டுகிற அந்தச் சாமான்கள், அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைக்க வைக்க, எனக்கே ஏதோ பயங்கரமான பொருள்களாகத் தெரிய ஆரம்பித்தன. இலங்கை ரேடியோ கேட்பீர்களா என்று கேட்டார். ஊரில் தமிழ் தெரிந்த எல்லோரும் கேட்பார்கள், பாட்டுக்காக, என்றேன். பாட்டுக்காக என்று எழுதிக்கொண்டார்.

"ஊரிக்கே அடிகி பம்பிச்சேஸ்தாம், அம்மா" என்றார். தெலுங்கில் சொன்னது போதாதென்று எனக்காகத் தமிழிலும் சொன்னார். "சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்."

என் வீட்டுக்காரர் கைகூடக் கழுவவில்லை. "செருப்பு போட்டுக்கலாமா சார்?" என்று கேட்டார். தன் வீட்டில், தன் செருப்பைப் போட்டுக்கொள்ள.

சாயங்காலம் வந்துவிடுவார் என்று சோறு எடுத்து வைத்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோர்ட்டுக்கு எதிரே வக்கீல்கள் உட்காரும் வரிசையில் என் பழைய மாணவியின் அப்பா ஒருவர் இருந்தார். அவரிடம் போனேன். எந்தச் சட்டத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னார். போய்க் கேட்டு வந்து சொன்னதும் பேனாவை மூடிவிட்டார். "இந்தச் சட்டத்துல பெயில்ங்கிற பேச்சே கிடையாதும்மா. கோர்ட்டுல கொண்டாந்து நிறுத்தவே நாளாகும். நான் ஆஜர் ஆனா என்னையும் ஏன் ஆஜர் ஆனன்னு கேப்பாங்க." வடக்கே எங்கோ குண்டு வெடித்ததற்காகப் பார்லிமென்டில் கைதூக்கிப் போட்ட சட்டம். அதற்குக் கைதூக்கியவருக்கு நானும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். பேப்பரில் அதைப் படித்தபோது, சரிதான், இப்படிப்பட்டவர்களுக்கு இதுதான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பியதும் நினைவிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. அதை ஜீப்பில் வருகிறவர்கள் முடிவு செய்வார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பள்ளியில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுக்கொள்ளுங்களேன் அம்மா என்றார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது சார் என்றேன். வகுப்பில் அந்த வாரம் குடிமைப் பாடம். பிராதமிக ஹக்குலு, அடிப்படை உரிமைகள். காரணம் சொல்லாமல் யாரையும் அடைத்து வைக்கக்கூடாது என்று தெலுங்கில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எத்தனையோ வருஷம் பிரம்பை ஆட்டிக்கொண்டே சொல்லிக்கொடுத்த பாடம். அதைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. நான் அதைப் படித்தால் எந்தப் பிள்ளையாவது வீட்டில் போய் டீச்சர் இப்படிச் சொன்னாங்க என்று சொல்லுமோ? பக்கத்தைத் தள்ளிப் போய் ஆறுகள், மலைகள் நடத்தினேன். கோயிலிலும் அப்படித்தான். நான் உட்கார்ந்த வரிசையில் மற்றவர்களுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது, எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்குப் பயம் இருந்ததைப்போல அவர்களுக்கும் இருந்தது. ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, சுடவில்லை, ஊரடங்கு போடவில்லை. பால் வந்தது, தபால் வந்தது. ஆனால் ஊர் வாயை மூடிக்கொண்டுவிட்டது.

அப்போதுதான் தம்பி லீவில் வந்தான். சொல்லாமல் கொள்ளாமல், யூனிபாரத்தோடு, தோளில் பச்சை மூட்டையோடு வாசலில் நின்றான். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அழுதேன். இனி என்ன கவலை, நாட்டுக்காகச் சண்டை போடுகிறவன், அவன் போய் ஸ்டேஷனில் ஒரு சல்யூட் அடித்தால் மாமாவை அனுப்பிவிட மாட்டார்களா? மாமியார் அவன் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். பாதி உடம்பாகிவிட்டிருந்தான். சோறு போட்டேன். போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சாப்பிடவே இல்லை, பிசைந்துகொண்டே இருந்தான்.

"இன்னா சொல்லி கூட்டிக்கினு போனாங்க?"

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்னு."

தட்டைத் தள்ளி வைத்தான். "அக்கா, அங்க அத நான்தான் சொல்லுவேன்."

எனக்குப் புரியவில்லை.

"ஆபீசருக்குத் தமிழ் வராது. ஒவ்வொரு வீடா சோதனை போடும்போது என்னத்தான் முன்னால நிறுத்துவாங்க. வீட்ல கீற ஆம்பளய, பையன, வெளிய வரச் சொல்லணும். பொம்பளைங்க கத்துவாங்க. பயப்படாதீங்கம்மா, சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்னு நான் சொல்லணும். தமிழ்ல சொன்னா நம்புவாங்க."

"அனுப்பிடுவீங்க இல்ல?" என்றேன்.

"சில பேர் வந்தாங்க."

"மத்தவங்க?"

"என்ன வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. தெரியாது." கையைக் கழுவ எழுந்துபோனவன் வெகுநேரம் திரும்பி வரவில்லை. என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். அவன் குழாயடியில் நிற்கிற முதுகைப் பார்க்க அன்று எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை அவனும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். சல்யூட் அடித்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலி போடச் சொன்னார், காபி வரவழைத்தார், அங்கே நிலைமை எப்படி என்று அக்கறையாகக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். உங்கள் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒன்றுமில்லை, நல்லவர், மேலேயிருந்து கேட்கிறார்கள், அந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்து விட்டால் அவரை இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம், அவளையும் சும்மா விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை. உள்ளே ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரை அழைத்துவரச் சொன்னார்.

வந்தார். காலில் செருப்பில்லை. சட்டையில் ஒரு பட்டன்கூட இல்லை. அடித்தார்களா என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. திருகாணி முனையளவுகூட நடுங்காத அந்த விரல்கள் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ஒன்றாக இருந்ததற்கு அதாவது தெரியாமல் இருக்குமா?

"சொல்லிடேன்," என்றார். "தெரிஞ்சா சொல்லிடு. என்னால முடியல."

நான் வாயைத் திறக்கவில்லை. துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பி என் கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டிவந்தான். பஸ் நிலையம் வந்ததும் நான் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். எதற்கு ஏறுகிறேன் என்று அவன் கேட்கவில்லை. அவனும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அவளைக் கூட்டிவரத்தான் போனேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. என் புருஷனின் விரல்களைப் பார்த்துவிட்டு வந்த எவளும் போயிருப்பாள். பஸ் முழுக்க மொட்டை போடப் போகிற குடும்பங்களும் கோவிந்தா சத்தமும். சந்திரகிரி வருகிறவரைக்கும் தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டை தெரிகிற இடத்தில் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அங்கே எலெக்‌ஷன் நடந்ததாம், இவன் பூத்துக்குக் காவல். "ஜனநாயகம் வந்துடுச்சுன்னு ஆபீசர் சொன்னாரு. ஜனங்க வரிசைல நின்னாங்க. ஓட்டு போட வந்தவங்க மாரி நிக்கலக்கா. சோதனைக்கு வந்தவங்க மாரி நின்னாங்க. என் கண்ண ஒருத்தரும் பாக்கல." நான் எத்தனையோ எலெக்‌ஷனில் பூத் டியூட்டி பார்த்திருக்கிறேன். விரலில் மை வைக்கும்போது ஏதாவது கேலி பேசாமல், மருமகளைக் குறை சொல்லாமல் போகிற ஆளை எங்கள் பக்கம் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட ஜனங்கள்தான் இப்போது கோயிலில் என் வரிசையை விட்டுத் தள்ளி உட்காருகிறார்கள். அடுத்த எலெக்‌ஷனில் இவர்களும் அப்படித்தான் நிற்பார்களா என்று நினைத்தேன். பயங்கரவாதத்தை அழிக்கக் கடல் தாண்டிப் போனோம். போன இடத்தில் கேள்வி கேட்காமல் கதவைத் தட்டப் பழகிக்கொண்டோம். பழகிய கை ஊருக்குத் திரும்பி வரத்தானே செய்யும்?

நர்ஸம்மா வீடு ஒரு சந்துக்குள். கதவைத் தட்டினேன். அவளே திறந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்க வந்தவள் என் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். அவன் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தான். ஆனால் அந்த முடிவெட்டும், காலை அகட்டி நிற்கிற நிலையும் போதுமாக இருந்தது. அவள் முகம் வெளிறியதைப் பார்த்து அவன் பதறிப்போய், "பயப்படாதீங்கம்மா, சும்மா..." என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டதும் அவள் உள்ளே போனாள். திரும்பி வந்து தன் அகதி அடையாள அட்டையை இரண்டு கையாலும் அவன் முன்னால் நீட்டினாள். பிறகு சுவரோரம் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளை மேலே தூக்கி நின்றாள். யாரும் அவளை ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. திருப்பதியில், பட்டப்பகலில், பக்கத்து வீட்டு ரேடியோவில் ஏதோ பக்திப்பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஒரு கணக்கு டீச்சர் இன்னொரு டீச்சர் முன்னால் அப்படி நின்றாள்.

தம்பி அட்டையை வாங்கவில்லை. அது தரையில் கிடந்தது. அவன் வாசலில் போய் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

அவளைத் திருப்பி உட்கார வைத்து, என் தம்பி என்று சொல்லிப் புரிய வைக்க எனக்கு நேரமாயிற்று. கேட்கிற காதுப் பக்கம் வாயை வைத்துச் சொன்னேன். என் வீட்டுக்காரர் விஷயத்தையும் சொன்னேன். முழுக்கச் சொல்லவேண்டி இருக்கவில்லை.

"நான் வந்தா அண்ணையை விட்டிடுவினமோ, அக்கா?" என்றாள். "நான் வாறன். தம்பி எங்க எண்டு எனக்கே தெரியாது. தெரியாது எண்டு சொன்னா நம்புவினமோ?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலிலிருந்து தம்பி சொன்னான். "நம்ப மாட்டாங்க." எழுந்து உள்ளே வந்தான். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். "தெரியாதுன்னு சொன்னவங்களத்தான் நாங்க ஏத்திக்கினு போவோம். தெரியும்னு சொன்னவங்க யாருமே இல்லக்கா. நீ இவங்கள கூட்டிக்கினு போனா, நீ சொல்றதும் நான் சொன்னதும் ஒண்ணுதான்."

"அப்போ மாமா?" என்று கத்தினேன். "மாமாவ இன்னாடா பண்றது?"

நர்ஸம்மா சமையற்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது. இந்தப் பெண் மேல், இவள் கண்ணில் படாத தம்பி மேல், என் தம்பி மேல், தன் வீட்டு ஜெபத்தை மறைக்கத் தெரியாத மாமியார் மேல், டில்லியில் முகம் தெரியாமல் உட்கார்ந்து எங்களையெல்லாம் இப்படி ஒரு அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல். கடைசியில் அவளுடைய அட்டையைத் தரையிலிருந்து நானே எடுத்தேன். எடுத்து அவளிடம் கொடுத்தேன். முகாமுக்குத் திரும்பிப் போய்விடு, உன் பேர் பதிவில் இருக்கிற இடத்தில் இருந்துகொள், அங்கே உன்னோடு நாலு பேராவது இருப்பார்கள் என்றேன். தம்பி அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனான். இரண்டு பேரும் பத்தடி இடைவெளி விட்டு நடந்து போனார்கள்.

திருப்பதிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வந்தேன். தம்பியின் லீவு முடிந்து திரும்பிப் போனான். ஸ்டேஷனுக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோனேன், சில நாள் உள்ளே போனது, சில நாள் திரும்பி வந்தது. தெரியாது தெரியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மை போலாகிவிட்டது. ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடுவேனோ என்று என்னைக் கண்டே எனக்குப் பயம்.

மழைக்காலம் தொடங்கியபோது அவரை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று சொல்லாததைப் போலவே ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. வழக்கு ஒன்றும் போடவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தார், மாமியார் ஊட்டிவிட்டதைச் சாப்பிட்டார், காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு எங்க கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் சொல்லிடுன்னு சொன்னேன்."

"ஆமா."

தலையை ஆட்டினார். "நல்லதுதான் பண்ண," என்றார். மனசாரத்தான் சொன்னார். அந்த மனுஷருக்குப் பொய் சொல்ல வராது.

அதற்கப்புறம் நாங்கள் வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்தோம். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஆனால் பேச்சில் கஞ்சனாக இருந்தவர் இப்போது வெளியே போய்விட்டு வந்தால் வாசற்படி ஏறும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார். எந்த வழியாகப் போனேன், யாரைப் பார்த்தேன், என்ன பேசினேன், எத்தனை மணிக்குக் கிளம்பினேன். நின்றுகொண்டுதான் சொல்வார், உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். நான் உங்களை எதுவுமே கேட்கவில்லையே என்பேன்.

"கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன்," என்பார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.